மீன் தொட்டியில் செடி வளரணும்னா பவர்ஃபுல் லைட் வேண்டுமா? வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை என்ன?

வீட்டு ஹாலில் 2 அடி மீன் தொட்டி. பிளாஸ்டிக் செடியை எடுத்துவிட்டு உண்மையான செடிகளை நட்டாச்சு. முதல் வாரம் பார்க்கவே அழகு. மூன்றாவது வாரத்தில் இலைகள் லேசாக வெளிறத் தொடங்குகின்றன. "லைட் பத்தலையோ?" என்ற சந்தேகம் வருகிறது. 10 வாட் விளக்கைக் கழற்றிவிட்டு 30 வாட் விளக்கு மாட்டப்படுகிறது.

அடுத்த 10 நாளில் கண்ணாடி முழுக்கப் பச்சைப் புள்ளிகள். இலை ஓரங்களில் நூல் நூலாகப் பாசி. தண்ணீர் கூடப் பச்சையாக மாறுகிறது. செடி மட்டும் வளரவே இல்லை.

செடித் தொட்டி வைக்கும் புதியவர்களில் பலர் "நமக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராது" என்று கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான். லைட்டுக்கும் செடிக்கும் கொடுத்த காசு போகிறது. பாசியை ஒழிக்கக் கண்ட மருந்தையும் ஊற்றினால் மீன்களும் போகும்.

தவறு எங்கே நடக்கிறது? எந்தத் தொட்டிக்கு எவ்வளவு வெளிச்சம் தேவை? விரிவாகப் பார்க்கலாம்.

லைட்டைக் கூட்டினால் செடி வேகமாக வளருமா?

வளரும். ஆனால் மற்றதெல்லாம் சரியாக இருந்தால் மட்டுமே.

செடி தனக்கான உணவைத் தயாரிக்க ஒளி, தண்ணீர், கார்பன் டை ஆக்சைடு ஆகிய மூன்றும் வேண்டும். கூடவே நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம், இரும்பு போன்ற சத்துகளும் தேவை. இதில் எது குறைவாக இருக்கிறதோ, அதுதான் செடியின் வளர்ச்சியைத் தீர்மானிக்கும். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் வேதியியலாளர் யூஸ்டஸ் வான் லீபிக் பிரபலப்படுத்திய விதி இது. வயலில் உரம் போடும் கணக்கும் இதுதான், மீன் தொட்டிக் கணக்கும் இதுதான்.

சோறு வடிப்பதை யோசித்துப் பாருங்கள். பானையில் தண்ணீர் குறைவாக இருக்கும்போது தீயை மட்டும் கூட்டினால் சோறு சீக்கிரம் வேகாது, அடிபிடிக்கும். தொட்டியில் லைட் என்பது அடுப்புத் தீ மாதிரி. தண்ணீர் ஊற்றாமல் தீயைக் கூட்டினால் என்ன ஆகுமோ, அதுதான் பாசி.

தொட்டியில் பெரும்பாலும் குறைவாக இருப்பது கார்பன் டை ஆக்சைடு. இந்த வாயு காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் சுமார் 10,000 மடங்கு மெதுவாகவே பரவுகிறது. அதனால் தண்ணீருக்குள் இருக்கும் செடிக்கு அது கிடைப்பது கஷ்டம். அந்த நிலையில் லைட்டை மூன்று மடங்கு கூட்டினால் செடி அந்த ஒளியைப் பயன்படுத்த முடியாமல் திணறும், பழைய இலைகள் பலவீனமாகும். மிகக் குறைந்த சத்திலேயே பிழைக்கத் தெரிந்த பாசி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இணையத்தில் பார்க்கும் தொட்டிகள் மட்டும் எப்படிப் பளிச்சென்று இருக்கின்றன?

புல்வெளி, மலை, காடு போலத் தொட்டியை அலங்கரிக்கும் பாணியை உலகம் முழுக்கக் கொண்டு சேர்த்தவர் ஜப்பானின் நீகாட்டாவைச் சேர்ந்த டகாஷி அமானோ (1954-2015). போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பனில் உள்ள மீன் காட்சியகத்தில் 2015இல் அவர் அமைத்த தொட்டி 40 மீட்டர் நீளம், 1,60,000 லிட்டர் கொள்ளளவு கொண்டது.

இந்தப் பாணித் தொட்டிகளில் பலமான விளக்குகள் இருப்பது உண்மைதான். ஆனால் அவற்றில் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர், தினசரி திரவ உரம், சத்து மண், அடிக்கடி தண்ணீர் மாற்றுதல் எல்லாமே உண்டு. போட்டோவில் தெரிவது லைட் மட்டும்தான். அதை மட்டும் பார்த்து வாங்குவதுதான் பிரச்சினையின் தொடக்கம்.

பெட்டியில் போட்டிருக்கும் எண்களுக்கு என்ன அர்த்தம்?

*வாட்:* விளக்கு எவ்வளவு மின்சாரம் எடுக்கும் என்பதைச் சொல்வது. எவ்வளவு வெளிச்சம் தரும் என்பதை அல்ல. "இத்தனை லிட்டருக்கு இத்தனை வாட்" என்று சிலர் இன்னும் சொல்வார்கள். அது பழைய டியூப்லைட் காலத்துக் கணக்கு. அதே வாட்டில் எல்இடி கூடுதல் வெளிச்சம் தரும் என்பதால் அந்தக் கணக்கு இப்போது உதவாது.

*லூமென்:* மனிதக் கண்ணுக்குத் தெரியும் மொத்த வெளிச்சத்தின் அளவு. நம் கண் பச்சை நிறத்தை அதிகமாக உணரும் என்பதால் இந்த அளவும் அதையே சார்ந்தது. செடிக்கான துல்லிய அளவு இல்லை என்றாலும், வெள்ளை எல்இடி விளக்குகளை ஒப்பிட்டுப் பார்க்க இது போதும்.

*கெல்வின்:* வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண். 3000 என்றால் மஞ்சள், 6500 என்றால் பகல் வெள்ளை, 10,000 என்றால் நீலம் கலந்த வெள்ளை. 5000 முதல் 8000 வரை எதில் வேண்டுமானாலும் செடி வளரும். இது பெரும்பாலும் நம் கண்ணுக்கு எது பிடிக்கிறது என்பதைப் பொறுத்த விஷயம்.

*பார்:* செடிகள் உணவு தயாரிக்கப் பயன்படுத்தும் ஒளி இது. 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான அலைநீளம். ஒரு சதுர மீட்டரில் ஒரு விநாடிக்கு எத்தனை மைக்ரோமோல் ஒளித்துகள் விழுகிறது என்று இதை அளப்பார்கள். செடித் தொட்டிக்குச் சரியான அளவுகோல் இதுதான். விளக்குப் பெட்டியில் இந்த விவரம் இருந்தால் நல்லது. ஆனால் எத்தனை செ.மீ. ஆழத்தில் அளந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விளக்குக்குப் பக்கத்தில் அளந்த எண்ணால் பயன் இல்லை.

எந்தச் செடிக்கு எவ்வளவு வெளிச்சம்?

லைட்டைத் தேர்வு செய்யும் முன் செடியைத் தேர்வு செய்ய வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

*குறைந்த வெளிச்சம் போதும்:* அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், ஜாவா மாஸ், கிரிப்டோகோரைன். இவற்றில் பல, மரநிழல் விழும் ஓடைகளில் வளர்பவை. கடைகளில் அதிகம் கிடைக்கும் கிரிப்டோகோரைன் வென்டியை என்ற செடி இலங்கைக்கே உரியது. தரைமட்டத்தில் 15 முதல் 30 மைக்ரோமோல் இருந்தால் இவை வளரும்.

*நடுத்தர வெளிச்சம்:* ஹைக்ரோஃபிலா, ரோட்டாலா ரொட்டண்டிஃபோலியா, பக்கோபா, அமேசான் ஸ்வார்ட். இதில் பக்கோபா வகையைச் சேர்ந்த ஒன்றுதான் நம் ஊர் வயல் ஓரங்களில் வளரும் நீர்ப்பிரமி. இவற்றுக்கு 30 முதல் 60 மைக்ரோமோல் தேவை.

*அதிக வெளிச்சம்:* தரையில் கம்பளம் போலப் படரும் குட்டி இலைச் செடிகள், அடர் சிவப்பு இலைச் செடிகள். தென்மேற்கு இந்தியாவைச் சேர்ந்த ரோட்டாலா மேக்ரான்ட்ரா இந்த ரகம். 60க்கு மேல், சிலவற்றுக்கு 100 மைக்ரோமோல் வரை. இந்த வகைக்குக் கார்பன் டை ஆக்சைடு கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

உச்சி வெயிலில் இந்த அளவு சுமார் 2,000 மைக்ரோமோல். அதோடு ஒப்பிட்டால் தொட்டிச் செடிகள் கேட்பது ரொம்பக் கொஞ்சம்தான்.

2 அடி தொட்டிக்குக் கணக்கு போட்டுப் பார்ப்போமா?

60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம். மொத்தம் 54 லிட்டர். மணல், கல், மேலே விடும் இடைவெளி போக, தண்ணீர் ஏறக்குறைய 45 லிட்டர் இருக்கும்.

பொதுவாகப் பின்பற்றப்படும் தோராயக் கணக்கு இது:

- எளிதான செடிகள்: லிட்டருக்கு 10 முதல் 20 லூமென். அதாவது 450 முதல் 900 லூமென்.
- நடுத்தரச் செடிகள்: லிட்டருக்கு 20 முதல் 40 லூமென். அதாவது 900 முதல் 1,800 லூமென்.
- கஷ்டமான செடிகள்: லிட்டருக்கு 40 லூமெனுக்கு மேல். அதாவது 1,800க்கும் அதிகம்.

ஓரளவு தரமான எல்இடி ஒரு வாட்டுக்கு 90 முதல் 100 லூமென் தரும். அப்படிப் பார்த்தால் எளிதான செடிகளுக்கு 5 முதல் 9 வாட், நடுத்தரச் செடிகளுக்கு 10 முதல் 18 வாட். அவ்ளோதான்!

இப்போது முதலில் சொன்ன தொட்டிக்கு வருவோம். 30 வாட் விளக்கு என்றால் 2,700 லூமெனுக்கு மேல். லிட்டருக்கு 60 லூமென். சிலிண்டரும் உரமும் வைத்து நடத்துபவர்களுக்கான அளவு அது. எதுவுமே இல்லாத தொட்டிக்கு அதைப் போட்டால் பாசி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். அங்கே இலை வெளிறியதற்குக் காரணம் பெரும்பாலும் இரும்பு, நைட்ரஜன் போன்ற சத்துக் குறைபாடாகவோ, புதிய தண்ணீருக்குச் செடி பழகும் காலமாகவோ இருந்திருக்கும்.

தொட்டி உயரமாக இருந்தால்?

விளக்கிலிருந்து தூரம் கூடக்கூட வெளிச்சம் குறையும். ஒரு புள்ளியிலிருந்து வரும் ஒளி, தூரம் இரண்டு மடங்கானால் நான்கில் ஒரு பங்காகக் குறையும். நீளமான பட்டை விளக்கில் இந்தச் சரிவு கொஞ்சம் குறைவு. கண்ணாடிச் சுவர்களும் ஒளியை உள்ளேயே திருப்பி அனுப்பும். ஆனாலும் 1 அடி உயரத் தொட்டிக்குப் போதுமான லைட், ஒன்றரை அடி தொட்டியின் தரைக்குப் பத்தாது.

விளக்கின் நீளத்தையும் கவனிக்க வேண்டும். 2 அடி தொட்டிக்கு நடுவில் மட்டும் ஒரு குட்டி விளக்கு வைத்தால் ஓரச் செடிகள் இருட்டில் இருக்கும். தொட்டியின் நீளத்துக்கு ஏறக்குறைய சமமான பட்டை விளக்கே நல்லது. அகலம் ஒன்றரை அடிக்கு மேல் இருந்தால் ஒரு வரிசைக்குப் பதில் இரண்டு வரிசை தேவைப்படலாம்.

செல்போனை வைத்து அளக்க முடியுமா?

பார் மீட்டர் விலை அதிகம். அதற்குப் பதில் செல்போனில் லக்ஸ் மீட்டர் செயலியைப் போட்டு, தண்ணீர் ஊற்றும் முன் காலித் தொட்டியின் தரையில் வைத்துப் பார்க்கலாம். வெள்ளை எல்இடி என்றால் வரும் எண்ணை 70ஆல் வகுத்தால் மைக்ரோமோல் தோராயமாகக் கிடைக்கும். 2,100 லக்ஸ் என்றால் சுமார் 30.

இது ஒரு குத்துமதிப்புதான். ஒவ்வொரு போனின் சென்சாரும் ஒவ்வொரு மாதிரி காட்டும். ஊதா நிற விளக்குகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஆனால் நடுவில் எவ்வளவு, ஓரத்தில் எவ்வளவு என்று ஒப்பிட இது நன்றாகவே உதவும்.

ஊதா லைட், கலர் லைட் வாங்கலாமா?

"செடிக்குச் சிவப்பும் நீலமும் மட்டும் போதும்" என்று சொல்லி ஊதா நிற விளக்குகளை விற்பார்கள். இலையில் உள்ள பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் அதிகம் உறிஞ்சுவது உண்மை. ஆனால் செடி பச்சை ஒளியையும் பயன்படுத்துகிறது. வெள்ளை எல்இடியில் எல்லா நிறங்களும் கலந்தே இருக்கின்றன. ஊதா வெளிச்சத்தில் செடி வளரும், ஆனால் மீனும் செடியும் இயற்கை நிறத்தில் தெரியாது.

சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை நான்கும் சேர்ந்த விளக்குகள் வேறு ரகம். சிவப்பு இலையும் மீனின் நிறமும் இவற்றில் எடுப்பாகத் தெரியும். அழகுக்காக வாங்கலாம். ஆனால் அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும் மட்டும் வளர்ப்பவர்களுக்கு இந்தச் செலவு அவசியம் இல்லை.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் எரியவிட வேண்டும்?

புதுத் தொட்டி என்றால் முதல் சில வாரங்கள் 6 மணி நேரம். செடி வேர் பிடித்து புது இலை விட்ட பிறகு மெதுவாக 8 மணி நேரம் வரை கூட்டலாம். அதற்கு மேல் தேவையில்லை.

"லைட் டல்லாத்தான் இருக்கு, அதனால 12 மணி நேரம் போடுறோம்" என்று சிலர் சமாளிப்பார்கள். இதில் செடிக்கு லாபம் குறைவு, பாசிக்கு லாபம் அதிகம். மீன்களுக்கு இமை கிடையாது. அவற்றுக்கு இருட்டு கட்டாயம் வேண்டும். இரவு முழுக்க அழகுக்காக லைட்டை எரியவிடுவது மீனுக்குத் தொந்தரவு.

இதற்கு எளிய வழி, கடைகளில் கிடைக்கும் டைமர் பிளக். காலையில் வேலைக்குப் போய் இரவு திரும்புபவர்கள், மதியம் 3 முதல் இரவு 9 மணி வரை என்று வைத்துக்கொண்டால் வீட்டில் இருக்கும் நேரத்தில் தொட்டியை ரசிக்கவும் முடியும்.

ஜன்னல் ஓரம் வைத்தால் லைட் செலவு மிச்சமா?

நேரடி வெயில் வேண்டாம். கோடையில் குளம் பச்சையாகிப் போவதைப் பார்த்திருப்போம். அதே கதைதான் தொட்டியிலும் நடக்கும். வெயிலின் அளவும் நேரமும் நம் கையில் இல்லை. சென்னை போன்ற ஊர்களில் கோடையில் தண்ணீர் சாதாரணமாகவே 30 டிகிரியைத் தாண்டிவிடும். வெயிலும் சேர்ந்தால் இன்னும் சூடேறும். தண்ணீர் சூடாகும்போது அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். செடிக்கும் மீனுக்கும் அது ஆபத்து.

கார்பன் டை ஆக்சைடு எப்போது தேவை?

எளிதான செடிகள், குறைந்த வெளிச்சம் என்றால் தேவையே இல்லை. நடுத்தரச் செடிகளுக்கு இருந்தால் நல்லது. அதிக வெளிச்சத்துக்குப் போகிறவர்கள் லைட்டுக்கான பட்ஜெட்டிலேயே சிலிண்டருக்கும் உரத்துக்கும் சேர்த்துக் காசு ஒதுக்க வேண்டும்.

சிலிண்டர் வைப்பவர்கள் லைட் போடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வாயுவைத் திறந்து, லைட் அணையும்போது கட்டாயம் நிறுத்த வேண்டும். இருட்டில் செடிகளும் ஆக்சிஜனை எடுத்து கார்பன் டை ஆக்சைடை வெளியிடும். இரவிலும் வாயு போய்க்கொண்டே இருந்தால் காலையில் மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திணறும். கவனிக்காவிட்டால் இறந்துபோகும்.

ஏற்கெனவே பாசி வந்துவிட்டதா?

மருந்து வாங்கும் முன் வெளிச்சத்தைக் குறைத்துப் பாருங்கள்.

- விளக்கில் டிம்மர் இருந்தால் பாதியாகக் குறைக்கலாம். இல்லையென்றால் விளக்கை 10 முதல் 15 செ.மீ. உயர்த்திக் கட்டலாம்.
- எரியும் நேரத்தை 6 மணி நேரமாக்கலாம்.
- மேலே மிதக்கும் செடிகளைப் போட்டால் நிழலும் கிடைக்கும், தண்ணீரில் உள்ள அதிகப்படி சத்தையும் அவை எடுத்துக்கொள்ளும்.
- பாசி பிடித்த பழைய இலைகளை வெட்டிவிட்டு, வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றலாம்.
- வேகமாக வளரும் செடிகளைக் கூடுதலாக நடலாம்.

புதுத் தொட்டியில் பழுப்பு நிறத்தில் தூசி போலப் படிவதும் ஒரு வகைப் பாசிதான். அதற்காகப் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே போய்விடும்.

எந்த மாற்றத்தைச் செய்தாலும் இரண்டு வாரமாவது பொறுக்க வேண்டும். இன்று லைட்டை மாற்றி, நாளை உரத்தை மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது. பழைய இலையைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. புதிதாக வரும் இலை சுத்தமாக இருந்தால் பாதை சரி என்று அர்த்தம்.

கரண்ட் பில் எகிறுமா?

10 வாட் விளக்கு தினமும் 7 மணி நேரம் எரிந்தால் மாதம் சுமார் 2 யூனிட். 30 வாட் என்றாலும் 6 யூனிட்டைக் கொஞ்சம் தாண்டும். பில்லைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படத் தேவையில்லை. கவனிக்க வேண்டியது பாதுகாப்பைத்தான்.

தண்ணீருக்கு மேலே தொங்கும் மின்சாதனம் என்பதால் ஐபி 65 அல்லது அதற்கு மேற்பட்ட நீர்த் தடுப்புத் தரம் உள்ள விளக்கே நல்லது. வீட்டு எல்இடி பல்பைப் பயன்படுத்தினாலும் செடி வளரும். 9 வாட் பல்பு 800 முதல் 900 லூமென் தரும். ஆனால் அது தண்ணீர் தெறிக்காத உயரத்தில் இருக்க வேண்டும்.

வயர் பிளக்குக்குப் போகும் முன் பிளக்கைவிடத் தாழ்வாக ஒரு வளைவு விட வேண்டும். வயரில் வழியும் தண்ணீர் பிளக்குக்குள் போகாமல் அங்கேயே சொட்டிவிடும். தொட்டிக்குள் கை விடும் முன் எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிடுங்கள். வீட்டில் மின்கசிவைத் தடுக்கும் கருவி இருப்பது உயிர் காக்கும்.

கடைக்குப் போகும் முன் 5 கேள்விகள்

கொளத்தூர் மீன் சந்தைக்குப் போனாலும் சரி, ஆன்லைனில் வாங்கினாலும் சரி, முதலில் இந்த ஐந்துக்கும் பதில் தெரிந்திருக்க வேண்டும்:

1. தொட்டியின் நீளம், அகலம், உயரம் என்ன? உண்மையில் எத்தனை லிட்டர் தண்ணீர்?
2. எந்தச் செடிகள் வளர்க்கப் போகிறோம்?
3. கார்பன் டை ஆக்சைடு வைக்கப் போகிறோமா, இல்லையா?
4. விளக்கு எத்தனை லூமென்? டிம்மர் இருக்கிறதா?
5. நீர்த் தடுப்புத் தரமும் வாரண்டியும் உண்டா?

எந்த விளக்கு வாங்குவது என்று குழப்பமாக இருந்தால் டிம்மர் உள்ளதை வாங்குவது பாதுகாப்பான முடிவு. பாதி வெளிச்சத்தில் தொடங்கி, செடி வளரும் வேகத்தைப் பார்த்து மெதுவாகக் கூட்டிக்கொள்ளலாம்.

முதல் தொட்டிக்கு நான்கைந்து எளிதான செடிகள், 10 வாட்டுக்கு உள்ளே ஒரு எல்இடி, ஒரு டைமர் போதும். மூன்று மாதம் பாசி இல்லாமல் அந்தத் தொட்டி ஓடினால், அதன் பிறகு பெரிய லைட்டைப் பற்றி யோசிக்கலாம்.